‘நம்ம ஆள்’ என்றதும் ஏன் வாய் அடைத்துப் போகிறது?

இங்கே மலேசியாவில், நம் கட்சி ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) ஒருவர்மீது ஒரு பெண் பாலியல் புகார் கொடுத்திருக்கிறாள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று நாளாக எல்லார் கைப்பேசியிலும் அதுதான் ஓடுகிறது. அவர் செய்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என் வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு.

நேற்று இரவு எங்கள் வட்டாரப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில், புகார் கொடுத்த பிள்ளையின் படத்தை ஒருவர் போட்டார். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில், ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றிக் கொடுக்கிறாள். ரவிக்கைக்குக் கை இல்லையாம். தோளைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். “இவங்கதான் அந்த உத்தமி” என்று கீழே ஒரு வரி. பதினொரு பேர் அதற்குச் சிரித்திருக்கிறார்கள். பதினொரு பேரையும் எனக்குத் தெரியும். நான்கு பேர் என் வீட்டில் கை நனைத்தவர்கள்.

இதே அண்ணன்மார்கள் 2007-இல் எப்படிக் கொதித்தார்கள் என்று எனக்கு மறக்கவில்லை. நாடாளுமன்றக் கட்டடம் ஒழுகுவதைப் பற்றி பத்து காஜா தொகுதியின் எதிர்க்கட்சி உறுப்பினர் ஃபோங் போ குவான் பேசப்போக, அப்போது ஆண்ட தேசிய முன்னணியின் உறுப்பினர்கள் இருவர் அவருடைய மாதவிடாயை வைத்துக் கேலி செய்தார்கள். நம் ஆட்கள் மாமாக் கடையில் மேசையைத் தட்டிப் பேசினார்கள். சில நாளில் அந்த இருவரும் மன்னிப்புக் கேட்டபோது, “மன்னிப்பு யாருக்கு வேண்டும், பதவியை விட்டுப் போ” என்றார்கள். 2007 டிசம்பர் கடைசியில் அன்றைய சுகாதார அமைச்சர் சுவா சோய் லெக்கின் அந்தரங்கக் காணொளி வெளியானது. 2008 ஜனவரியில் அவர் அமைச்சர் பதவி உட்பட எல்லாப் பொறுப்புகளையும் விட்டார். அப்போதும் கை தட்டினோம். அது இருவர் சம்மதத்தோடு நடந்த அந்தரங்க விஷயம். அதற்கே கை தட்டினோம்.

இன்றைக்கு நம்ம ஆள். உடனே “விசாரணை முடியட்டும்மா” என்கிறார்கள். அடுத்த கட்சிக்காரன் என்றால் அன்றைக்கே போக வேண்டும், நம்ம ஆள் என்றால் விசாரணை முடிய வேண்டும். இது என்ன நியாயம்?

சரி, விசாரணை முடியட்டும். எப்போது முடியும்? நம் அரசமைப்பின் 48ஆவது பிரிவுப்படி ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ விதித்தால்தான் தொகுதி பறிபோகும். அதுவும் மேல்முறையீடெல்லாம் முடிந்த பிறகு. 2019-இல் பேரா மாநில ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர்மீது, வீட்டு வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண்ணை வல்லுறவு செய்ததாகக் குற்றம் சாட்டினார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2022 ஜூலையில்தான் வந்தது. அந்த மூன்று வருஷமும் அவர் சட்டமன்ற உறுப்பினர்தான். அதனால்தான் கட்சி முந்திக்கொள்ள வேண்டும் என்கிறேன். பொறுப்பிலிருந்து ஒதுங்கி நின்று விசாரணையைச் சந்திக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளிமேல் புகார் வந்தால் விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்வதில்லையா?

“அன்வாருக்கு நடந்ததை மறந்துவிட்டாயா அக்கா?” என்று குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். அன்வார் இப்ராஹிம் பாலியல் வழக்கில் சிறைக்குப் போனதைச் சொல்கிறார். மறக்கவில்லை தம்பி. இந்த நாட்டில் பாலியல் வழக்கு அரசியல் ஆயுதமாக இருந்திருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்காக இனி வரும் ஒவ்வொரு பெண்ணும் யாரோ அனுப்பிய ஆள்தானா? சதி என்றால் விசாரணையில் தெரியட்டும். அதற்கு அவள் ரவிக்கையில் ஏன் வட்டம் போடுகிறீர்கள்?

பினாங்கில் இருந்துகொண்டு இப்படிப் பேச எப்படி மனசு வருகிறது? லிம் குவான் எங் 1998-இல் எதற்காகச் சிறைக்குப் போனார்? மலாக்காவில் ஒரு பாட்டி, பாலியல் வழக்கில் சம்பந்தப்பட்ட தன் 15 வயதுப் பேத்திக்காக அவரிடம் உதவி கேட்டு வந்தார். அந்தப் பெண்ணுக்காகப் பேசியதற்குத்தான் 18 மாதத் தண்டனை, நாடாளுமன்றத் தொகுதியும் போனது. பத்து வருஷம் கழித்து அவரையே பினாங்கு முதலமைச்சராகப் பார்த்தபோது நாம் அழவில்லையா? 2008 மார்ச் 8 இரவு நான் அழுதேன்.

எனக்கு இது இவ்வளவு வலிப்பதற்குக் காரணம் உண்டு. இருபது வயதில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். எங்கள் லைனில் ஒரு சூப்பர்வைசர், தமிழர். என் தம்பிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவர். என்னோடு வேலை செய்த ஒருத்தி அவர்மேல் புகார் கொடுத்தாள். ஸ்டோர் அறை வாசலில் அவர் அவளை மறித்துக் கையைப் பிடித்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். ஆபீஸில் கூப்பிட்டுக் கேட்டபோது, “நான் கவனிக்கவில்லை” என்றேன். நம்ம ஆள், தம்பி வேலை, ஏன் வம்பு. அன்று மாலை பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை. சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிறை ஊர் வரைக்கும் நின்றே வந்தாள். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டாள்.

இப்போது 2022-இன் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. அன்றைக்கு அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சாட்சி. அது நான்.

கட்சிக்குத் துரோகம் செய்கிறேன் என்று குழுவில் எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தலுக்கும் கொடி கட்ட ஏணியைப் பிடிக்க நான் வருவேன். ஆனால் அந்தப் பிள்ளையின் படம் இன்னும் குழுவில் இருக்கிறது. மூன்று தடவை எடுக்கச் சொல்லிவிட்டேன். போட்ட அண்ணன் இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணே, இன்று ராத்திரிக்குள் அதை எடுத்துவிடுங்கள்.