உலக ஜூடோ: பெண்கள் 1956-இல் இல்லை, நேரமும் குறைவில்லை

உலக ஜூடோ சாம்பியன்ஷிப் பற்றி ஒருவர் "1956 முதலே ஆண், பெண் இருபாலரும் மோதுகிறார்கள், பெண்கள் ஆட்டம் மட்டும் ஒரு நிமிடம் குறைவு" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

1956-இல் டோக்கியோவில் நடந்த முதல் போட்டி ஆண்களுக்கு மட்டும், அதுவும் எடைப்பிரிவே இல்லாமல். எடைப்பிரிவு 1965 ரியோவில்தான் வந்தது. (1961 பாரிஸில் டச்சுக்காரர் ஆன்டன் கீசிங்க் ஜப்பானியரை வீழ்த்திப் பட்டம் வென்றதும் பிரிவில்லாத போட்டியில்தான்.) பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1980, நியூயார்க், தனியாக நடந்தது. இரண்டும் ஒரே மேடைக்கு வந்தது 1987, ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில்.

பெண்களுக்கு ஒரு நிமிடம் குறைவு என்பது பழைய விதி. ஆண்களுக்கு 5 நிமிடம் இருந்தது உண்மை. 2017 முதல் இருவருக்கும் 4 நிமிடம்தான். சமநிலையில் முடிந்தால் கோல்டன் ஸ்கோர் எனும் கூடுதல் ஆட்டம், அதற்கு நேர வரம்பே கிடையாது. முதலில் புள்ளி எடுத்தவர் வெல்வார். மூன்றாவது ஷிடோ (விதிமீறலுக்கான எச்சரிக்கை) வாங்கினால் அங்கேயே தோல்வி. பிடியைத் தவிர்த்து ஓடுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

நிஜமாகவே ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது கலப்பு அணிப் போட்டி: 3 ஆண், 3 பெண். 3-3 ஆனால் குலுக்கலில் ஒரு எடைப்பிரிவை எடுத்து மீண்டும் மோதவிடுவார்கள். அதிலும் ஆணோடு ஆண், பெண்ணோடு பெண்தான்.