ஓட்டைக் கப்பலில் ஒரு சண்டைக்காட்சி

ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள பாலாடா பகுதியைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் மூவர் சென்ற வாரம் ஒரு திரைக்கதையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். விண்வெளியில் நடக்கும் அதிரடி நகைச்சுவைப் படம். கையில் இருப்பதோ ஒரு கல்யாண வீடியோவுக்கு ஆகும் செலவில் பாதி. "கிராஃபிக்ஸுக்கு மட்டும் யாராவது காசு போட்டால் போதும் அண்ணா, மற்றதெல்லாம் தயார்" என்றார் ஒருவர். அவர்களிடம் அன்று சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தவறு அவர்கள் மட்டும் செய்வதல்ல.

படம் எடுப்பவரிடம் காசில்லை என்றால், அந்தக் காசில்லாமையைக் கதையின் விண்கப்பலில் இருப்பவர்களின் தலையில் கட்டிவிட வேண்டும். மாணவர்களின் திரைக்கதையில் வரும் விண்கலம் பளபளக்கிறது, கதவுகள் தாமே திறக்கின்றன, தளபதி நட்சத்திர விடுதி வரவேற்பாளரைப் போல உடுத்தியிருக்கிறார். இதை அட்டையிலும் வெள்ளித்தாளிலும் செய்தால் பார்ப்பவர் படத்தைப் பார்த்துச் சிரிப்பாரே தவிர, படத்தோடு சேர்ந்து சிரிக்கமாட்டார். அதே கலத்தை மஞ்சூர்ப் பக்கம் ஓடும் பழைய மினிபஸ்ஸாக நினைத்துப் பாருங்கள்: கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள், முன்கண்ணாடியைத் துடைக்க ஓட்டுநர் ஒரு துணி வைத்திருக்கிறார், கியர் விழ வேண்டுமானால் நடத்துநர் ஓரிடத்தில் ஓங்கி உதைக்க வேண்டும். அப்போது அட்டை அட்டையாகத் தெரிவதே கதைக்குப் பொருந்திவிடுகிறது.

அமெரிக்க இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் 1974இல் வெளியிட்ட 'டார்க் ஸ்டார்' மாணவர் படமாகத் தொடங்கி, சுமார் 60,000 டாலரில் முடிந்த படம். அதில் வரும் வேற்றுலக உயிரி, காற்றடைத்த கடற்கரைப் பந்துக்குக் கீழே இரண்டு பாதங்களை ஒட்டியதுதான். பந்து என்பதை அவர்கள் மறைக்க முயலவே இல்லை. கலத்தில் இருந்த கழிப்பறைக் காகிதக் கையிருப்பு முழுவதும் அழிந்துபோனதைத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் கடமை தவறாமல் குறிப்பேட்டில் பதிவு செய்கிறார். இருபது ஆண்டுகளாகக் கவனிப்பாரின்றிச் சுற்றும் ஊழியர்களின் சலிப்பு அந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகிறது. படத்தை உடன் எழுதி நடித்த டான் ஓ'பானன்தான் 1979இல் வந்த 'ஏலியன்' படத்துக்கும் திரைக்கதை எழுதினார். கலத்துக்குள் ஓடி ஒளியும் உயிரியைத் துரத்துவதுதான் இரண்டிலும் நடக்கிறது. ஒன்றில் சிரிக்கிறோம், மற்றொன்றில் நடுங்குகிறோம். நம்மிடமும் முன்னோடி இல்லாமல் இல்லை: 1963இலேயே 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் வேற்றுக்கிரகம் போய்வந்துவிட்டார்கள்.

அதிரடிக்கு வருவோம். ஒரே அடியில் பத்துப் பேர் பறப்பது நம் சினிமாவின் மரபு. எடையற்ற நிலையிலோ அடித்தவரும் பின்னால் பறப்பார். வினைக்குச் சமமான எதிர்வினை உண்டு என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்ததை மாணவர்கள் சண்டைக்காட்சி எழுதும்போது மறந்துவிட்டார்கள். நாயகன் ஒவ்வொரு குத்துக்கும் முன்பு பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைத் தேடட்டும், வில்லனும் அதுவரை மரியாதையாகக் காத்திருக்கட்டும். கிராஃபிக்ஸ் இல்லாமலே நகைச்சுவை வந்துவிடும். கலத்துக்கு வெளியே காற்றில்லை, ஆகவே வெடித்தாலும் சத்தமில்லை. தலைக்கவசத்துக்குள் நாயகன் மூச்சு வாங்கும் ஓசை மட்டும் கேட்டால் போதும், ஒலிச்செலவும் மிச்சம்.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டுவதற்குள் தலையணை போல உப்பிவிடுவதை மலையில் இருக்கும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. கலத்தில் எங்கோ ஓட்டை என்று அறிவிக்கச் சிவப்பு விளக்கும் சைரனும் எதற்கு? சாப்பாட்டு மேசையில் கிடக்கும் பாக்கெட் ஒன்று மெல்ல உப்புவதை அண்மைக்காட்சியில் காட்டி, அதை ஒருவர் மட்டும் கவனித்து எச்சில் விழுங்கினால், அரங்கில் பாதிப்பேருக்கு வயிறு கலங்கும், மீதிப்பேர் சிரிப்பார்கள். இதைச் சொன்னபோதுதான் மூவரில் ஒருவர் பேனாவை எடுத்தார்.

முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைச் சாலையிலிருந்து படம்பிடித்து அயல்கிரகத்தார் கட்டியதாகக் காட்டப்போகிறார்களாம். காட்டட்டும், ஆனால் அதைக் கட்டிய விதத்தையும் படித்துக்கொள்ளட்டும். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கருவியை 1970இல் கட்டிமுடித்த வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு, ஊட்டியின் அட்சரேகையான 11 டிகிரிச் சொச்சத்துக்கு இணையாகச் சரிந்திருந்த மலைப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, அந்த ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. பெரும் பொருட்செலவில் செய்ய வேண்டியிருந்ததை மலைச்சரிவே செய்து கொடுத்தது.

அப்படி நம் பக்கத்தில் சும்மா கிடைப்பது வேறென்ன என்று யோசித்தபோது கேரட் கழுவும் இயந்திரம் நினைவுக்கு வந்தது. படுக்கவைத்த பெரிய உருளை. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையால் மெல்ல உருட்டலாம். கேமராவை உருளையோடு சேர்த்துக் கட்டிவிட்டால், படத்தில் உருளை அசையாமல் நிற்கும், உள்ளே தவழ்பவர் சுவரேறிக் கூரையில் போவது போலத் தெரியும். உரிமையாளர் ஒருவரிடம் நானே கேட்டுப் பார்த்தேன். அறுவடை முடியும்வரை பேச்சே கூடாது என்றவர், பிறகு கூப்பிட்டு, இரவு பத்துக்கு மேல் வரலாம், ஆனால் போகும்போது உருளையைக் கழுவிவிட்டுப் போக வேண்டும் என்றார்.