கேப் ஃபாக்ஸ் கம்பங்கள் யாருடையவை?

இரண்டு நாளாக ஒரே ஒரு பழைய புகைப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1899 ஜூலையில், அலாஸ்காவின் தென்கிழக்குக் கோடியில் கேப் ஃபாக்ஸ் என்ற கடற்கரை ஊரில் எட்வர்ட் கர்டிஸ் எடுத்த படம். கோட்டும் தொப்பியுமாக ஒரு கூட்டம் கடற்கரையில் கூடியிருக்கிறது. பின்னால் மர வீடுகள், வீடுகளுக்கு முன்னால் உருவம் செதுக்கிய உயரமான கம்பங்கள். பார்த்தால் சுற்றுலா போன இடத்தில் எடுத்துக்கொண்ட குழுப்படம் மாதிரிதான் இருக்கிறது. அந்தக் கம்பங்களில் பலவற்றை அவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று தெரிந்த பிறகு, அப்படிப் பார்க்க முடியவில்லை.

ரயில்வே முதலாளி எட்வர்ட் ஹாரிமன் தன் சொந்தச் செலவில், அன்றைய அமெரிக்காவின் பெரிய விஞ்ஞானிகள், ஓவியர்கள், எழுத்தாளர்களை எல்லாம் திரட்டி நடத்திய பயணம் அது. ஊருக்குள் போனார்கள், ஆள் நடமாட்டம் இல்லை. கம்பங்கள், முகமூடிகள், வீட்டுத் தூண்கள், கம்பளிகள், கூடைகள் என்று கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு அவை அமெரிக்காவின் பல அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

இதைப் பற்றி எழுதியவர்களில் பலர் 'கைவிடப்பட்ட கிராமம்' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். என் கோபமே அந்தச் சொல் மேல்தான். யார் கைவிட்டார்கள்? அங்கே வாழ்ந்தவர்கள் டிலிங்கிட் என்ற அலாஸ்காப் பழங்குடி மக்களில் சான்யா குவான் என்ற பிரிவினர். பெரியம்மை அவர்களை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள், பள்ளிக்கூடமும் தேவாலயமும் வரும் என்று 1890களில் வடக்கே சாக்ஸ்மன் என்ற புது ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். கப்பல் வந்தபோது அவர்கள் போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சொந்தக்காரர்கள் உயிரோடு இருந்தார்கள், படகில் போகும் தூரத்திலேயே இருந்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊரில் குடியிருப்பவனை, வீட்டைக் கைவிட்டவன் என்று யாராவது சொல்வோமா?

அந்தக் கம்பங்கள் என்ன என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் நம் கண்ணுக்குச் சாமி மாதிரித் தெரியும். ஆனால் அவற்றை யாரும் கும்பிடுவதில்லை. சிவப்பு சிடார் மரத்தை வாய்ச்சியால் செதுக்கி, ஒரு குலத்தின் கதையை, அதன் சின்னத்தை, இறந்துபோன பெரியவரின் நினைவை நிறுத்துவது அது. ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போனது டெய்க்குவெய்டி குலத்தின் நினைவுக் கம்பம். காட்ஸ் என்ற வேட்டைக்காரன் ஒரு பெண் கரடியோடு குடும்பம் நடத்திய கதை அந்தக் குலத்துக்குச் சொந்தம். கதையே சொத்து. வேறு குலத்தார் தங்கள் விருப்பத்துக்கு அதைச் செதுக்கிக்கொள்ள முடியாது.

டிலிங்கிட் சமூகம் இரண்டு பாதி. ஒன்று காகம், மற்றது கழுகு, சில இடங்களில் ஓநாய் என்பார்கள். ஒரு பாதியைச் சேர்ந்த குலம் கம்பம் நிறுத்த வேண்டுமானால், அந்த வேலையை எதிர்ப்பாதிக்காரர்களிடம் ஒப்படைக்கும். அப்புறம் பெரிய விருந்து. வேலை செய்தவர்களுக்கும் வந்தவர்களுக்கும் வெகுமதி. அதை வாங்கிக்கொண்டவர் எல்லோரும் சாட்சி. இந்தக் கம்பம் இந்தக் குலத்துடையது என்பதற்குப் பத்திரம் அந்த மனிதர்கள்தான். குலம் முழுவதற்கும் சொந்தமானதைத் தனி ஒருவர் விற்கக்கூட உரிமை கிடையாது. அப்படிப்பட்ட பொருளைத்தான் கேட்க ஆள் இல்லை என்று தூக்கிக்கொண்டு போனார்கள்.

'அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தெரியாது' என்ற சமாதானத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. இருபது வருடம் முன்பே, 1879இல், அதே அலாஸ்காவில் ராங்கல் என்ற ஊர்ப் பக்கம் இன்னொரு ஆளற்ற ஊருக்கு மதபோதகர்கள் சிலர் போனார்கள். மாலுமிகளை விட்டு ஒரு கம்பத்திலிருந்து பெண் உருவம் ஒன்றை அறுத்து எடுக்கச் செய்தார்கள். தோள் அகலம் மட்டும் மூன்றடி மூன்று அங்குலம். கூட வந்தவர்களில் கடாஷான் என்ற டிலிங்கிட் தலைவரும் ஒருவர். அவர் குடும்பம் நிறுத்திய கம்பம் அது. அறுக்கச் சொன்ன போதகரின் முகத்தைப் பார்த்து கடாஷான் கேட்டார்: உங்கள் குடும்பத்துக் கல்லறைக்கு ஒரு செவ்விந்தியன் வந்து நினைவுச் சின்னத்தை உடைத்து எடுத்துக்கொண்டு போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மன்னிப்பும் சில்லறைப் பரிசுகளும் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினார்கள். இதைப் பதிவு செய்தவர் ஜான் மூர் என்ற இயற்கை ஆய்வாளர். அதே மூர் 1899இல் ஹாரிமன் கப்பலிலும் இருந்தார். ஆக, அந்தக் கேள்வியைக் காதால் கேட்ட ஒருவராவது அந்தக் கப்பலில் இருந்தார்.

'எடுத்துப் போகாவிட்டால் மட்கியிருக்குமே' என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சரி, மட்கியிருக்கலாம். அந்த ஈரக் காற்றில் சிடார் கம்பம் நூறு வருடம் நிற்பதே பெரிது. சாய்ந்த கம்பத்தை அப்படியே மண்ணோடு விட்டுவிடுவதும் அவர்கள் வழக்கத்தில் இருந்தது. விடுவதா, எடுப்பதா, புதிதாகச் செதுக்குவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தானே? 1938 முதல் பழைய ஊர்களின் கம்பங்களை சாக்ஸ்மனுக்குக் கொண்டுவந்து பழுதுபார்த்ததும், முடியாதவற்றுக்குப் பிரதி செதுக்கியதும் டிலிங்கிட் தச்சர்களின் கைகள்தான். செலவு மட்டும் அரசாங்கத்தின் வேலைவாய்ப்புத் திட்டத்துடையது.

1990இல் வந்த சட்டம், பழங்குடிகளின் பொதுச்சொத்தை அருங்காட்சியகங்கள் திருப்பித் தர வேண்டும் என்றது. 2001 ஜூலையில், ஹார்வர்ட், கார்னெல், சிகாகோவின் ஃபீல்ட், சியாட்டிலின் பர்க், ஸ்மித்சோனியன் ஆகிய ஐந்து இடங்களிலிருந்தும் கேப் ஃபாக்ஸ் பொருள்கள் சாக்ஸ்மனுக்குப் பக்கத்து ஊரான கெட்சிக்கனுக்குத் திரும்பி வந்தன. நூற்றிரண்டு வருடம்.

அதற்குப் பதிலாக கேப் ஃபாக்ஸ் மக்கள் செய்தது என்ன தெரியுமா? அருங்காட்சியகங்களுக்கு சிடார் மரம் கொடுத்தார்கள். பறிகொடுத்தவர்கள் கொடுத்த மரம்! ஹார்வர்டுக்குக் கொடுத்த மரத்தில் நேதன் ஜாக்சன் என்ற டிலிங்கிட் சிற்பி மறுபடியும் காட்ஸையும் கரடியையும் செதுக்கினார். பழைய கம்பம் போன பீபாடியில் இப்போது அந்தக் கம்பம் இருக்கிறது. யார் செதுக்கியது, யார் கொடுத்த மரம் என்று கேட்டால் இப்போது அருங்காட்சியகத்தாரால் பதில் சொல்ல முடியும்.