தொப்புள் ஊசி எப்போதோ போயிற்று

அண்ணாச்சி, "நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, அதற்குப் பயந்து சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டுங்கள், பத்து நாள் நாயைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள்.

அந்தத் தொப்புள் ஊசி 2004-க்குப் பிறகு நம் நாட்டில் தயாரிப்பிலேயே இல்லை. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கையில், தோலுக்குள் போடுகிறார்கள். முதல் ஊசி போட்ட நாள், அப்புறம் அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள். அவ்வளவுதான், இலவசம்.

போன மாதம் புளியரையில் எங்கள் சித்தி மகனுக்குக் கணுக்காலில் பல் பட்டது. சித்தி அவனைக் குழாயடியில் உட்காரவைத்து, துணி துவைக்கிற சோப்பைப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினாள். அவன் அழுத அழுகையிலும் விடவில்லை. அதுதான் சரி. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் காயத்திலேயே வெறிநோய்க் (ரேபிஸ்) கிருமியைக் குறைக்கும். சுண்ணாம்பு புண்ணைப் பொசுக்குமே தவிர வேறு பலன் இல்லை.

மிஞ்சிய கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். அது போய்ச் சேருவதற்குள் உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கத்தான் தடுப்பூசி. தண்ணீரைக் கண்டு மிரள ஆரம்பித்துவிட்டால் காப்பாற்ற மருந்தே கிடையாது. அதனால் நாயைக் கவனியுங்கள், ஆனால் ஊசியை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டுக் கவனியுங்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.