வெறுங்கையோடு வந்தேனா?

போன ஞாயிற்றுக்கிழமை நம் ஓட்டக் குழுவில் நடந்ததைத் திரும்ப இங்கே எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்கும் இந்நேரம் ஸ்க்ரீன்ஷாட் போய்ச் சேர்ந்திருக்கும். "அவ்வளவு தூரம் போய் வெறுங்கையோட வர்றதுக்கு, பேசாம இங்கயே ஓடியிருக்கலாம்." தென்னாப்பிரிக்காவில் நடக்கும் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்துக்குப் போய், பதக்கமில்லாமல் திரும்பிய என்னைப் பற்றி அந்த ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். பதில் சொன்னால் பெரிதாகும், விட்டுவிடு என்றார் கணவர். மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

இங்கேயே ஓடியிருக்கலாம் என்கிறீர்களே, நான் இங்கே ஓடவில்லையா? பதினொரு மாதம் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து ஓடினேனே, அது எங்கே? காம்ரேட்ஸ் ஓட்டத்துக்கு ஆசைப்பட்டால் மட்டும் போதாது. அதற்கு முன்னால் ஒரு முழு மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டுத்தான் போனேன். இங்கே ஓடியதால்தான் அங்கே போக முடிந்தது. ஓட்டக் குழுவில் இருப்பவர்களுக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வலிக்கிறது.

சரி, தூரம்தான் கணக்கென்றால் வீட்டு வாசலிலேயே ஓடி முடித்துவிடலாம். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஏறுமுகமாக ஏறக்குறைய 86 கிலோமீட்டர். அந்த எண்ணிக்கை எந்த மைதானத்திலும் கிடைக்கும். அந்தச் சாலை கிடைக்காது. முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக ஓர் ஓட்டம் வேண்டும் என்று கேட்டவர் விக் கிளாப்ஹாம் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர். போரிலிருந்து திரும்பி வந்தவர். திரும்பத் திரும்பக் கேட்டு, மறுக்கப்பட்டு, கடைசியில் 1921-ல் அனுமதி வாங்கினார். முதல் வருடம் 34 பேர் கிளம்பினார்கள், 16 பேர் முடித்தார்கள். அன்றிலிருந்து ஒரு நூற்றாண்டாக ஆட்கள் ஓடித் தேய்த்த சாலை அது. ஒவ்வொரு மேட்டுக்கும் பெயர் இருக்கிறது. கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இஞ்சாங்கா, கடைசியில் பாலி ஷார்ட்ஸ். சாலையோரச் சரிவில் குடைந்தது போல ஓர் இடம் உண்டு. ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் அங்கே உட்கார்ந்து இளைப்பாறுவார் என்பார்கள். அதில் ஒரு பூவை வைத்து, ஆர்தருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனால் இரண்டாவது பாதி நன்றாக அமையும் என்பது நம்பிக்கை. நானும் ஒரு காட்டுப்பூவைக் கிள்ளி வைத்தேன். எனக்கு முன்னால் போனவர் வைத்த பூ இன்னும் வாடாமல் இருந்தது. இதை இங்கே எங்கே வைப்பது?

இஞ்சாங்கா பக்கம் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் சாலையோரம் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டே இருப்பார்கள். நம் மார்பில் குத்தியிருக்கும் பிப் என்ற எண் அட்டையில் பெயர் அச்சிட்டிருப்பதால் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். என் பெயரை அவர்கள் உச்சரித்த விதத்தில் அது என் பெயர் என்றே முதலில் புரியவில்லை. ஒரு சின்னப் பெண், விரல்கள் சரியாக மடங்காத கையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். பாதித் தூரம் கடந்து, முழங்கால் இரண்டும் எரிந்துகொண்டிருந்த நேரம். அந்த அழுத்தம் இன்னும் கையில் இருக்கிறது. வெறுங்கை என்கிறீர்கள்.

இப்போது அந்த முடிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை வைத்துத்தானே இத்தனை சிரிப்பும். 12 மணி நேரம்தான் கெடு. துப்பாக்கிச் சத்தத்தில் தொடங்கி துப்பாக்கிச் சத்தத்தில் முடியும். தகுதி நேரம் குறைவாக உள்ளவர்கள் முன்னால் நிற்பார்கள். என்னைப் போல மெதுவாக ஓடுகிறவர்கள் பின்னால். இருட்டில், அந்தக் கூட்டத்தில் நகர்ந்து தொடக்கக் கோட்டைத் தாண்டவே எனக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. அந்த ஏழெட்டு நிமிடமும் கெடுவுக்குள்தான் சேரும். என் வாட்ச்சில் ஓடிய நேரம் 12 மணிக்குள்தான் இருக்கிறது. விதி தெரிந்துதான் போனேன், விதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் "முடிக்க முடியாதவள்" என்று சொல்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

பன்னிரண்டாவது மணி முடியும்போது ஒருவர் துப்பாக்கியோடு முடிவுக் கோட்டில் நிற்பார். ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். முகத்தைப் பார்த்தால் சுட மனம் வராது, அதனால்தான் என்பார்கள். சுட்டதும் ஆட்கள் வந்து கோட்டை அடைத்துவிடுவார்கள். ஓர் அடி தள்ளி இருந்தாலும் அடைப்புதான். எனக்கு அந்தச் சத்தம் கேட்டபோது இன்னும் இருநூறு மீட்டருக்குமேல் பாக்கி. ஒரு நிமிடம் நாற்பது வினாடி தாமதம். முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே நேரம் கிடையாது. அவ்வளவுதான் நடந்தது. இதில் எங்கே சிரிப்பு வருகிறது?

பதக்கம் இல்லையென்றால் ஓட்டமே இல்லை என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே சாலையில் 1923-ல் ஃபிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் ஓட வந்தார். பெண் என்பதால் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. ஏற்காமலேயே ஓடினார், 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் தரவில்லை. கூட ஓடியவர்களும் பார்க்க வந்தவர்களும் காசு சேர்த்து அவருக்கு வெள்ளித் தேநீர்ச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தார்கள். பெண்களையும் கறுப்பினத்தவரையும் அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொள்ள 1975 வரை ஆனது. அத்தனை வருடமும் பதக்கம் கிடைக்காது என்று தெரிந்தே ஓடியவர்கள் இருந்தார்கள். அவர்களும் வெறுங்கையோடு போனவர்கள்தானா?

இன்னொருவரைச் சொல்கிறேன். ஷிசோ கனகுரி. 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானுக்கு ஜப்பானிலிருந்து கிளம்பினார். கப்பலும் சைபீரிய ரயிலுமாகப் பதினெட்டு நாள் பயணம். போட்டி நாளில் கடும் வெயில். பாதி வழியில் சுருண்டு, சாலையோரத்து வீடு ஒன்றில் ஒதுங்கினார். முடிக்கவில்லை. போட்டி அதிகாரிகளிடம் சொல்லாமலேயே ஊர் திரும்பினார். அந்தத் திரும்பும் பயணத்தை நினைத்துப் பாருங்கள். அத்தனை தூரமும் திரும்ப வர வேண்டும், கையில் எதுவும் இல்லை. நான் விமானத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தது அத்தனை நாளில்லை, ஆனாலும் அவரைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த மனிதரைத்தான் இன்று ஜப்பான் தன் மாரத்தானின் தந்தை என்கிறது. ஹகோனே தொடர் ஓட்டம் 1920-ல் தொடங்கியதில் அவர் பங்கு இருக்கிறது. 1967-ல் ஸ்டாக்ஹோம்காரர்கள் அவரைத் திரும்ப அழைத்து அந்தப் பழைய ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். 75 வயதில் முடித்தார். அவருடைய நேரம் 54 வருடம், 8 மாதம், 6 நாள் சொச்சம். அவரிடம் யாரும் "பேசாமல் இங்கேயே ஓடியிருக்கலாமே" என்று கேட்டிருப்பார்களா? கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார்.

பணத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் சம்பளத்தில் மூன்று வருடம் ஒதுக்கிச் சேர்த்த பணம். யாரிடமும் கைநீட்டவில்லை. சுற்றுலா போகிறவர்களிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை, ஐந்து நாள் ஹோட்டலில் படுத்துக் கிடந்துவிட்டு வந்தாலும் "நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா" என்பார்கள். ஓடுவதற்காகப் போனால் மட்டும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறீர்கள். அதிலும் பெண் தனியாகப் போனால் "வீட்டை யார் பார்த்துக்கிட்டாங்க" என்று கேள்வி கூடுதலாக வருகிறது. இதே குழுவில் இரண்டு அண்ணன்கள் போன வருடம் வெளிநாடு போய் ஓடிவிட்டு வந்தார்கள். அவர்கள் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நீங்கள் கேட்டு நான் பார்க்கவில்லை.

விமானப் பயணத்தால் சுற்றுச்சூழல் கெடுகிறதே என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். மரியாதையாகக் கேட்டார். அது உண்மைதான் தம்பி, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒரு பயணம் என்று வைத்திருக்கிறேன். அது போதாது என்றால், போதாதுதான்.

ஆனால் "ஏர்போர்ட் போட்டோவுக்காகத்தான் ஓடுறாங்க" என்பதை மட்டும் விடமாட்டேன். ஆமாம், ஒரு போட்டோ போட்டேன். மகள் எடுத்த போட்டோ. போட்டோதான் நோக்கமென்றால் கிளம்பும் அன்றே நோக்கம் முடிந்துவிட்டது, பிறகு எதற்கு 86 கிலோமீட்டர்? லண்டன் மாரத்தானின் 2026 குலுக்கலுக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். அதில் மிகப் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்காது என்று அவர்களுக்கே தெரியும். அத்தனை பேரும் போட்டோவுக்காகவா எழுதிப் போட்டார்கள்?

வெளியூர் ஓட்டம் என்றால் ஜாலி என்று நினைப்பவர்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள். முதன்முதலில் தொலைதூர மாரத்தானுக்குப் போனபோது என் பெட்டி வந்து சேரவில்லை. நல்லவேளை, ஷூவும் ஓடும் உடையும் கைப்பையில் இருந்தன. அதிலிருந்து ஷூவைப் பெட்டியில் போடுவதே இல்லை. நேரம் மாறிய உடம்பு நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில்தான் மெல்லத் திரும்பும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, தெரியாத ஊரின் கூரையைப் பார்த்துக்கொண்டு, கால் விரல்களை மட்டும் அசைத்துப் பார்த்துக்கொண்டு கிடப்போம். நம் வழக்கமான சாலையில் எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்கும், எந்த மரத்தடியில் குளிரும் என்று காலுக்கே தெரியும். அங்கே எதுவும் தெரியாது. நம்மையும் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் போகிறேன். என் பழைய நேரங்களோ என் சாக்குகளோ தெரியாத ஒரு சாலையில் நான் எவ்வளவு தாங்குவேன் என்று பார்க்கப் போகிறேன். எத்தனை முறை சொன்னாலும் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த வரியை எழுதியவர் எனக்கு அவ்வளவு நெருக்கமில்லை, அவர்மேல் பெரிய கோபமும் இல்லை. சிரித்தவர்களின் பெயர்களைத் தொட்டுப் பார்த்தேன். அதில் உன் பெயரும் இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், உனக்குத் தெரியும். உன் முதல் அரை மாரத்தானில் பதினேழாவது கிலோமீட்டரில் நீ உட்கார்ந்துவிட்டபோது என் நேரத்தை விட்டுவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். கடைசி நான்கு கிலோமீட்டரை நாம் நடந்துதான் முடித்தோம். நான் அதை ஒருநாளும் யாரிடமும் சொல்லவில்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்று மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தவறிப் பட்டிருந்தால் இந்நேரம் எடுத்திருப்பாய்.

துப்பாக்கி வெடித்தபோது என் பக்கத்தில் ஓர் அம்மா ஓடிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்குக் குறையாது. பாலி ஷார்ட்ஸ் மேட்டிலிருந்து சேர்ந்துதான் வந்தோம், ஏற்றத்தில் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவர். அங்கே பிப்பில் பெயரோடு, அதுவரை எத்தனை முறை முடித்திருக்கிறார் என்ற எண்ணும் இருக்கும். அவருடையதில் 9. அன்றைக்கு முடித்திருந்தால் பத்து. பத்து முடித்தவர்களுக்குப் பச்சை எண் தருவார்கள், அந்த எண் ஆயுளுக்கும் அவருடையது, வேறு யாருக்கும் போகாது. என்னை இழுக்காமல் வந்திருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ. சத்தம் கேட்டதும் நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. என் கையைப் பிடித்து, அடைத்திருந்த அந்தக் கோடு வரை கூட்டிக்கொண்டு போனார். பிறகு தன்னிடம் மிச்சமிருந்த ஒரு பாக்கெட் தண்ணீரைப் பல்லால் கிழித்து என் தலையில் பாதியும் தன் தலையில் பாதியுமாக ஊற்றிவிட்டு, "நெக்ஸ்ட் இயர்" என்றார்.