வேகமான கார்டு போட்டால் ஒலி அறுபடாது என்பது பாதி உண்மைதான்

"சாம்ப்ளரில் (பதிவு செய்த ஒலித்துண்டுகளான சாம்ப்பிள்களை வாசிக்கும் கருவி) வேகமான மெமரி கார்டு போட்டால் மேடையில் ஒலி அறுபடாது, கூடுதல் சாம்ப்பிளும் கொள்ளும்" என்று நீங்கள் சொல்லியிருப்பது எல்லாக் கருவிக்கும் பொருந்தாது நண்பரே. எம்பிசி 2000எக்ஸ்எல் போன்ற சாம்ப்ளர்கள் சாம்ப்பிளை முழுதாக ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) ஏற்றிய பிறகே வாசிக்கும். அதில் ரேம் அதிகபட்சம் 32 எம்பி. சிடி தரமான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி வேண்டும். ஆக மூன்று நிமிடம்தான், ஒற்றைத் தடமான மோனோ என்றால் ஆறு. ஸ்கசி டிரைவை (பழைய வகைச் சேமிப்பு டிரைவ்) எடுத்துவிட்டு எஸ்டி கார்டு அடாப்டர் வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பாட்டுக்குப் பாட்டு லோடாகும் நேரம் குறையலாம், அவ்வளவே. கிக் டிரம், பேஸ் ஒலிகளை மோனோவாக்குங்கள், பயன்படாத சாம்ப்பிளை நீக்குங்கள். இடம் தானாக வரும்.

1010மியூசிக் பிளாக்பாக்ஸ் மாதிரி கார்டிலிருந்தே ஸ்ட்ரீம் செய்யும் (வாசிக்கும்போதே படித்துக்கொள்ளும்) கருவியில் நீங்கள் சொன்னது சரி: மெதுவான கார்டு அங்கே ஒலியைத் தடுக்கும். ஆனால் புது நோட்டு விழுந்ததும் பழைய நோட்டு சட்டென நின்றால் அது பாலிஃபோனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய நோட்டுகளின் எண்ணிக்கை) தீர்ந்ததன் அடையாளம், கார்டைக் குறைசொல்லிப் பயனில்லை. ரிலீஸை (நோட்டை விட்டபின் ஒலி நீடிக்கும் நேரம்) குறையுங்கள், ஹை-ஹாட் சிம்பல் ஒலிகளை ஒரே மியூட் குரூப்பில் (ஒன்று ஒலித்தால் மற்றது நிற்கும் தொகுப்பு) போடுங்கள்.

யுஎச்எஸ்-2 (யுஎச்எஸ்-1ஐ விட வேகமான எஸ்டி கார்டு வகை) கார்டுக்குக் காசு கொட்டுவதும் வீண். ஸ்லாட்டில் இரண்டாம் வரிசைப் பின்கள் இல்லையென்றால் அது யுஎச்எஸ்-1 வேகத்துக்கே இறங்கிவிடும். அந்தப் பணத்தில் அதே அளவில் இன்னொரு கார்டு வாங்கி, முழு நகலெடுத்து, கருவியிலேயே ஒருமுறை லோடு செய்து பார்த்துப் பையில் வையுங்கள்.