சார் கிட்ட கேளுங்க, சாருக்குத்தான் எல்லாம் தெரியும்

மறுபடியும் அதேதான். இந்த முறை மேடை போட்டு, மைக் கொடுத்து, பொன்னாடை போர்த்திச் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெங்களூர் இந்திராநகர் பக்கம் ஒரு அரங்கு. தமிழில் பாட்காஸ்ட் நடத்தும் பெண்களுடன் கலந்துரையாடல். ஆமாம், தலைப்பிலேயே பெண்கள் இருந்தார்கள். அழைத்தது என்னையும் என் தோழியையும். அறிவியல் புனைவு, காமிக்ஸ், கதாபாத்திரம் மாதிரியே வேஷம் கட்டும் காஸ்பிளே, அதன் பின்னால் பைத்தியமாகத் திரியும் ரசிகர் கூட்டம், இதுதான் நாங்கள் பேசும் சரக்கு. தோழியின் வீட்டுக்காரர் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் ஆடிட்டர். நல்ல மனுஷன். விண்கலம் வரும் எந்தப் படத்தையும் இடைவேளைக்கு அப்பால் விழித்திருந்து பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. மைக் ஸ்டாண்டைத் தூக்கி வந்து வைத்துவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்து போன் பார்ப்பதாகத்தான் திட்டம்.

வயர் எட்டவில்லை என்று அவர் மேடைக்கு ஏறினார். அங்கேதான் வந்தது வினை. தொகுப்பாளர் பார்த்தார். சட்டையை இன் பண்ணிய, கண்ணாடி போட்ட, லேசாக வழுக்கை விழுந்த ஓர் ஆண். அவ்வளவுதான், ஓடிப்போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"உட்காருங்க சார்."

"இல்ல சார், நான் சும்மா வயர் மாட்டத்தான்..."

"அடக்கத்தைப் பாருங்க!" என்றார் மைக்கில். கைதட்டல். அவருக்கும் ஒரு பொன்னாடை. எங்கிருந்து வந்தது அந்த இரண்டாவது பொன்னாடை? எங்கள் இருவருக்குமே ஒன்றுதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் போர்த்தி போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று கொஞ்சம் முன்னால்தான் சொன்னார்கள்!

முதல் கேள்வி எனக்கு. "வீடு, சமையல், குழந்தைங்க எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இதுக்கெல்லாம் எப்படி மேடம் டைம் கிடைக்குது?" எனக்குக் குழந்தை கிடையாது. சமையல் அவரவர் வீட்டு விவகாரம். இரண்டாவது கேள்வி தோழிக்கு. "உங்களுக்கு இதில் ஆர்வம் வந்தது சார் மூலமாத்தானே?" சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பத்தாம் வகுப்பில் வாடகை நூலகத்தையே காலி செய்தவள். சாரோ கல்யாணத்துக்கு முன்னால் ரோபோ என்றால் மாவு அரைக்கும் மெஷின் கம்பெனி என்று நினைத்திருந்தவர்.

மூன்றாவது கேள்விக்கு முகத்தில் அப்படியொரு பரவசம். "இப்ப கொஞ்சம் சீரியஸா போகலாம்" என்று சொல்லிவிட்டு உடம்பையே திருப்பிக்கொண்டார், சார் பக்கம். "டைம் டிராவல் பண்ணிப் போய் ஒருத்தன் தன் தாத்தாவையே கொன்னுட்டா, பேரன் என்ன ஆவான் சார்?"

சார் தோழியைப் பார்த்தார். தோழி கூரையைப் பார்த்தாள். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "உயில் இருக்கான்னு பார்க்கணும்."

அரங்கமே எழுந்து நின்றது என்று சொன்னால் மிகை. ஆனால் முன்வரிசை பெரியவர் ஒருவர் நிஜமாகவே எழுந்து நின்றார். "என்ன ஒரு ஆழம்!" என்றார் தொகுப்பாளர். நான் மைக்கை வாங்கி, இதற்குக் கதைகளில் இரண்டு வழி உண்டு, ஒன்று நடந்தது நடந்தபடியே வளையமாக மூடிக்கொள்ளும், கொல்லவே முடியாது. இன்னொன்று காலம் கிளை பிரிந்து வேறு உலகம் ஆகிவிடும் என்று ஆரம்பித்தேன். "சுருக்கமா மேடம், டைம் ஆகுது." அடடா. காலப் பயணத்தைப் பற்றிப் பேச எனக்கு மட்டும் காலம் இல்லை.

அப்புறம் வந்ததே பரீட்சை! இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். "அஸிமோவோட ரோபோ விதிகள் எத்தனை, சொல்லுங்க பார்ப்போம்?" எங்கள் இருவருக்கும் மட்டும். சாருக்குப் பரீட்சை கிடையாது, சார் பிறவியிலேயே பாஸ். "நாலு" என்றேன். தொகுப்பாளர் முகத்தில் என்ன ஆனந்தம்! "மூணு மேடம், மூணு." ரோபோக்கள் மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்கிற மாதிரி விதிகளை அமெரிக்க எழுத்தாளர் அஸிமோவ் தன் கதைகளுக்காக 1942-ல் மூன்று எழுதினார் ஐயா, 1985-ல் வந்த நாவலில் பூஜ்ய விதி என்று ஒன்றைச் சேர்த்தார், தனி மனிதனை விட மனிதகுலம் பெரிது, அதற்குத் தீங்கு வரக்கூடாது என்பது அது என்று விளக்கினேன். அவர் என்னை நம்பவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அடுத்து என்ன செய்தார் தெரியுமா? சார் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

வயர் மாட்ட வந்தவரிடம்!

சார் ஒரு வினாடி யோசித்து, "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அதன் பிறகுதான் எனக்கு மார்க் விழுந்தது. ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர் கையெழுத்துப் போட்ட பிறகு அஸிமோவின் நாலாவது விதி பெங்களூரில் அமலுக்கு வந்தது.

அறிவியல் புனைவு என்றாலே ஏதோ ஆண்கள் கட்டிய வீட்டுக்குள் நாங்கள் எட்டிப் பார்ப்பது போலப் பேசுகிறார்களே, எரிச்சல் அங்கேதான் வருகிறது. 1818-ல் ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் வெளிவந்தபோது அதை எழுதிய மேரி ஷெல்லிக்கு வயது இருபது. அதில் ஆரம்பித்ததுதான் இந்த மொத்தக் கூத்தும் என்று சொல்லும் ஆய்வாளர்கள் நிறைய. ஸ்டார் டிரெக் என்கிற அமெரிக்க விண்வெளி டிவி தொடருக்காக மட்டும் முதன்முதலாக ரசிகர்கள் நடத்திய பத்திரிகை 1967-ல் வந்த ஸ்பாக்கனேலியா, நடத்தியது இரண்டு பெண்கள். அந்தத் தொடரை டிவிக்காரர்கள் நிறுத்திவிடுவார்கள் என்றதும் ஊரெல்லாம் கடிதம் எழுத வைத்து மூன்றாவது சீசனை வாங்கிக் கொடுத்ததில் முன்னால் நின்றவர் ப்ஜோ டிரிம்பிள். கணவரும் கூட உழைத்தார், அந்த வீட்டில் யாரும் அவரை மட்டும் நாற்காலி போட்டு உட்காரவைக்கவில்லை. அறிவியல் புனைவுக்குக் கொடுக்கும் ஹ்யூகோ விருதில் ரசிகர் பாட்காஸ்டுக்கென்று 2012-ல் ஒரு பிரிவு ஆரம்பித்தார்கள். 2015-ல் அதை வாங்கிய கேலக்டிக் சபர்பியாவில் பேசியவர்கள் மூன்று ஆஸ்திரேலியப் பெண்கள்.

வெளிநாட்டுக் கதை வேண்டாமா, சரி, நம்மூருக்கே வருவோம். வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-ல் அச்சானது எங்கே? மெட்ராஸில். கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில். அதில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருப்பார்கள், பெண்கள் நாட்டை நடத்துவார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்து எதிரிப் படையை ஓட ஓட விரட்டுவார்கள். அங்கே ஒரு பெண்கள் பல்கலைக்கழகம், பலூனில் குழாய் பொருத்தி வானத்திலிருந்து நேராகத் தண்ணீர் இறக்கிக்கொள்ளும். 1905-ல்! இன்றைக்கும் பெங்களூரில் மார்ச் மாதம் ஆனால் டேங்கர்காரர் போனை எடுக்க மாட்டார். இந்தக் கதையை மேடையில் சொல்ல ஆசையாகக் குறித்து வைத்திருந்தேன். அந்த நேரத்தில் சாரிடம் ஏலியன்கள் உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆதாரம் இருந்தா சொல்லலாம்" என்றார் சார். அதற்கும் கைதட்டல்.

இதில் பெயர் கூத்து வேறு. இதே ஊரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த ரங்கராஜன் மனைவி பெயரில் எழுதினார். சுஜாதா என்ற பெண் பெயரைப் பார்த்து, மேடம் உங்களுக்கு ரோபோவெல்லாம் தெரியுமா என்று யார் கேட்டார்கள்? வாத்தியார் என்று தலையில் வைத்துக் கொண்டாடினோம், நானும்தான். அந்தப் பக்கம் அமெரிக்காவில் ஆலிஸ் ஷெல்டன், ஜேம்ஸ் டிப்ட்ரீ என்று ஆண் பெயரில் எழுதவேண்டி வந்தது. இந்த எழுத்து ஓர் ஆணுடையதாகத்தான் இருக்க முடியும் என்கிற ரீதியில் சக எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க் 1975-ல் அவர் கதைத் தொகுப்புக்கு முன்னுரையே எழுதினார். இரண்டே வருடத்தில் குட்டு உடைந்தது. சில்வர்பெர்க் பெரிய மனுஷன், நான் நினைத்தது தப்பு என்று நாகரிகமாக ஒப்புக்கொண்டார். எங்கள் தொகுப்பாளரிடம் இப்போது போய்ச் சொன்னால்கூட, சார் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா என்பார்.

எங்கள் ஸ்டுடியோ எது தெரியுமா? தோழி வீட்டில் துணி வைக்கும் குட்டி அறை. சுற்றிலும் பட்டுப்புடவை தொங்கினால் எதிரொலி வராது. மாடி வீட்டில் டிரில்லிங் நின்று, கீழே நாய்கள் ஓய்ந்து, ஃபேனையும் அணைத்துவிட்டு, அந்துருண்டை வாசத்தில் மூக்கு எரிய எரியப் பேசுகிறோம். நடுவில் ஒரு புடவை நழுவித் தலையில் விழும், பேச்சை நிறுத்தாமல் எடுத்து மாட்டுவோம். எடிட்டிங்கில் அவள் "ம்ம்ம்" எல்லாவற்றையும் வெட்டி எடுக்க, பொழுது விடிந்துவிடும். இவ்வளவும் செய்துவிட்டுக் கீழே வரும் முதல் கருத்து: "வாய்ஸ் நல்லா இருக்கு சிஸ்டர், கன்டென்ட் யார் எழுதித் தர்றாங்க?"

நிகழ்ச்சி முடிந்து செல்ஃபிக்கு வரிசை. யாரோடு என்று சொல்லவேண்டுமா? கல்லூரிப் பையன் ஒருவன் நோட்டை நீட்டிக் கையெழுத்தே கேட்டான். சார் பழக்கதோஷத்தில் கீழே தேதியும் உறுப்பினர் எண்ணும் போட்டுக் கொடுத்தார். இன்று காலை குழுவில் புகைப்படம் வந்தது. சார் நடுவில், முழுப் பெயரோடு, 'அறிவியல் புனைவுச் சிந்தனையாளர்'. நாங்கள் இரண்டு பேரும் 'மற்றும் குழுவினர்'. அடுத்த மாதம் ஒயிட்ஃபீல்டில் சிறப்புரையாற்ற அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வழிச்செலவும் தருகிறார்களாம். எங்களுக்குப் பெட்ரோல் காசு கேட்டபோது தமிழ்ச் சேவை என்றார்கள்.

அன்றைக்கு ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, ரொம்ப நேரம் பேசாமல் இருந்த சார் மெதுவாகக் கேட்டார். "அந்த அஸிமோவ் யாரு, ரஷ்யாக்காரரா?" பிறந்தது ரஷ்யாதான். குருட்டாம்போக்கில் அதையும் சரியாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், நானும் தோழியும் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்துக் கார்க்காரர் எங்களுக்கு என்னவோ ஏதோ என்று கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் கொடுத்த டப்பா சாப்பாட்டைச் சொல்லவில்லையே. தயிர்சாதம். அதில் மாதுளை. சரி, ஊர்ப் பழக்கம், போகட்டும். திராட்சை. அதையும் விட்டேன். அடியில் தோண்டினால் டூட்டி ஃப்ரூட்டி! சிவப்பும் பச்சையுமாக, தயிரில் சாயம் இறங்கி! ஊறுகாய் எங்கே என்று கேட்டதற்குப் பரிமாறியவர் சொல்கிறார், "அதான் ஸ்வீட்டா இருக்கே மேடம், ஊறுகாய் எதுக்கு?"